ஒன்றரை ஷிப்ட்: 'நேர மேலாண்மை' என்னும் சொல்லாடலை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குண்டடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி முகாம் நடந்தது. தலைப்பு, 'நேர மேலாண்மையும் சமநிலை வாழ்வும்'. அறுபது பேர் இருப்பார்கள். பாதிப்பேர் பனியன் கம்பெனி வேனில் திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் போய்வருகிறவர்கள். மீதிப்பேர் ஆடு, மாடு, தோட்டத்து வேலை என்று இருப்பவர்கள். அக்கா மகளை வண்டியில் கொண்டுபோய் விடப் போன நான், தலைப்பைப் பார்த்துவிட்டுத் திரும்ப மனசில்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

பயிற்சியாளர் நல்ல மனுஷன். யாரையும் மட்டம்தட்டிப் பேசவில்லை. பலகையில் நான்கு கட்டங்கள் வரைந்தார். அவசரமும் முக்கியமுமானது முதல் கட்டம். முக்கியம், ஆனால் அவசரமில்லை என்பது இரண்டாவது. அவசரம், ஆனால் முக்கியமில்லை என்பது மூன்றாவது. இரண்டுமில்லாதது நான்காவது. எல்லோருக்கும் ஒரு தாளைக் கொடுத்து, நேற்று காலை எழுந்ததிலிருந்து தூங்கப்போனது வரை செய்த வேலைகளை இந்தக் கட்டங்களில் பிரித்து எழுதச் சொன்னார். பத்து நிமிஷம் மண்டபத்தில் பேனாச் சத்தம் மட்டும்தான். பிறகு நடுவரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து கேட்டார்:

"ஏனுங் சார், எனக்கு எல்லாமே மொதக் கட்டத்துலதானுங்க வருது. மத்த மூணு கட்டமும் யாருக்குங்க?"

மண்டபமே சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்தார். "அதுக்குத்தாம்மா இந்தப் பயிற்சியே" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். சிரிப்பில் கரைந்துபோன அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு யோசித்ததுதான் இந்தக் கட்டுரை. அது குறும்புக்காகக் கேட்ட கேள்வியாக எனக்குப் படவில்லை. ஒரு கோட்பாட்டின் அஸ்திவாரத்தைத் தொட்ட கேள்வி அது.

2

அந்த நான்கு கட்டங்களும் பயிற்சியாளரின் சொந்தச் சரக்கல்ல. அமெரிக்க அதிபர் ஐசனோவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தப் பாகுபாடு, ஏழு பழக்கங்களைப் பற்றி ஸ்டீபன் கோவி 1989ல் வெளியிட்ட நூலின் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. தமிழில் இதற்கு முன்பே ஒரு நிலம் பண்பட்டிருந்தது. அப்துற் றஹீமும் எம்.எஸ். உதயமூர்த்தியும் எழுதிய முன்னேற்ற நூல்களை நம்மில் பலர் ஊர் நூலகத்தில் மார்க்சுக்கு முன்னால் படித்திருக்கிறோம். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட, படிப்பில்லாத குடும்பத்திலிருந்து வந்த ஒரு பையனுக்கு 'உன்னால் முடியும்' என்று சொல்ல ஊரில் வேறு ஆள் இல்லாதபோது, அந்த நூல்கள் அதைச் சொல்லின.

ஆனால் ஒரு பிரதியை வாசிக்கும்போது அது யாரை விளித்துப் பேசுகிறது என்ற கேள்வியை நாம் தவிர்க்க முடியாது. திருக்குறளில் 'காலமறிதல்' என்று ஓர் அதிகாரம் இருப்பதை நேர மேலாண்மைக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அந்த அதிகாரம் எங்கே இருக்கிறது? பொருட்பாலில், வலியறிதலுக்கும் இடனறிதலுக்கும் நடுவில். படையெடுக்கச் சமயம் பார்க்கும் அரசனுடைய காலம் அது. காத்திருப்பது அவனுக்கு ஓர் உத்தி. காலை ஏழு மணிக்கு மெயின்ரோட்டில் தூக்குப்போசியோடு வேனுக்குக் காத்திருப்பவளுக்கு அது உத்தியில்லை, விதிக்கப்பட்டது. இரண்டுக்கும் 'காத்திருத்தல்' என்று ஒரே சொல் இருப்பதாலேயே இரண்டும் ஒரே செயலாகிவிடாது.

கால அட்டவணை என்னும் கருவி மடாலயங்களில் உருவாகி, பள்ளிக்கூடம், பட்டாளம், தொழிற்சாலை என்று பரவியதை ஃபூக்கோ 1975ல் வெளிவந்த தண்டனை பற்றிய நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அங்கே மணியடிக்க ஒருவர் இருந்தார். நேர மேலாண்மை நூல்களில் மணியடிப்பவரும் நாமே, மணிக்கு ஓடுபவரும் நாமே. நேரம் போதவில்லை என்றால் குற்றவாளி யார் என்று தேட வேண்டியதில்லை. உன் பழக்கம் சரியில்லை, உன் திட்டமிடல் சரியில்லை. இப்படி ஒரு தன்னிலையைக் கட்டமைப்பதுதான் இந்தச் சொல்லாடலின் முதல் வேலை.

இரண்டாவது வேலை இன்னும் நுட்பமானது. மூன்றாம் கட்டத்தை, அதாவது அவசரமாக இருந்தும் முக்கியமில்லாததை, 'அடுத்தவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்' என்பது இவ்வகைப் பயிற்சிகளில் தவறாமல் வரும் ஆலோசனை. நல்லது. ஒப்படைத்த வேலை எங்கே போய் விழுகிறது? அது காற்றில் கரைந்துவிடுவதில்லை. வாங்கிக்கொள்கிறவருடைய தாளில் முதல் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒருவரின் மூன்றாம் கட்டம் இன்னொருவரின் முதல் கட்டம். நான்கு கட்டங்களையும் ஒரே தாளில், ஒரே ஆளுக்காக வரையும்போது இந்த உறவு மறைந்துபோகிறது. பல தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வைத்துப் பார்ப்போம். ஐரோப்பாவில் ஒரு கடை, இந்தக் கோடைக்கு இன்ன நிறத்தில் இத்தனை டீ ஷர்ட் என்று கடைசி நேரத்தில் முடிவு செய்கிறது. சரக்கை முன்கூட்டி வாங்கி அடுக்கிவைக்கும் சிரமத்தை அது தவிர்த்துக்கொண்டது. அவசரம் திருப்பூர் ஏற்றுமதியாளரின் தாளுக்கு வருகிறது. அவர் பாதியை ஜாப் ஒர்க்குக்குத் தள்ளுகிறார். ஜாப் ஒர்க் எடுத்தவர், 'இன்னைக்கு ரெண்டு ஷிப்ட் ஓடணும்' என்று பவர் டேபிள் டெய்லரிடமும் செக்கிங் பெண்ணிடமும் சொல்கிறார். செக்கிங் பெண் குண்டடத்தில் இருக்கும் மாமியாருக்கு போன் போட்டு, 'வர்றதுக்கு லேட்டாகுமுங்க அத்தை, பசங்களுக்குச் சோறு போட்ருங்க' என்கிறார். மாமியாருக்கு முட்டிவலி. எட்டாவது படிக்கிற பேத்தி உலை வைக்கிறாள். பேத்திக்கு மறுநாள் பரீட்சை இருக்கலாம். அவள் அதை ஒப்படைப்பதற்குக் கீழே ஆளில்லை.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் 'சமநிலை' ஏற்படுகிறது. ஒவ்வொரு சமநிலையும் அடுத்த கண்ணியின் சமநிலையை எடுத்துத்தான் ஏற்படுகிறது. மண்டபத்தில் எழுந்த கேள்விக்குப் பதில் இதுதான் என்று நினைக்கிறேன். மற்ற மூன்று கட்டங்களும் சங்கிலியின் மேல்முனையில் இருக்கின்றன.

3

திருப்பூரில் 'ஷிப்ட்' என்பது நேரத்தின் அலகாக மட்டும் இல்லை, கூலியின் அலகாகவும் இருக்கிறது. 'எத்தனை மணிநேரம் வேலை பார்த்தே?' என்று யாரும் கேட்பதில்லை. 'இந்த வாரம் எத்தனை ஷிப்ட்?' என்றுதான் கேட்பார்கள். எட்டு மணிநேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்குப் போய், சாப்பாட்டுக்கும் டீக்கும் விட்ட நேரம் போக, ராத்திரி எட்டரை ஒன்பது வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். நடுராத்திரி தாண்டினால் இரண்டு. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றரை ஷிப்ட் என்பது அதிகப்படி வேலை. நான் செக்கிங்கில் இருந்த காலத்தில் எங்களுக்கு அதுதான் சாதாரண நாள். ஒரு ஷிப்டில் வீட்டுக்குப் போகிறவனை, 'என்னடா, ஒடம்பு சரியில்லையா?' என்று கேட்பார்கள்.

இந்தச் சொல்லுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணிநேரம் என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் பார்க்கும் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. ஆறு நாளும் பன்னிரண்டு மணிநேரம் என்றால் வாரம் 72 மணிநேரம். கூடுதல் 24. இரட்டைக் கூலிக் கணக்கில் அது 48 மணிநேரத்துக்குச் சமம். ஆக வாரத்துக்குப் பன்னிரண்டு ஷிப்ட் கூலி வர வேண்டும். ஒன்றரை வீதம் ஆறு நாளுக்குக் கைக்கு வருவது ஒன்பது. சட்டப்படி கணக்கு எழுதும் ஏற்றுமதிக் கம்பெனிகளை விட்டுவிடுவோம். அவற்றின் பின்னாலிருக்கும் சிறு கம்பெனிகளிலும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளிலும் மூன்று ஷிப்ட் கூலி 'ஒன்றரை' என்ற சொல்லுக்குள்ளேயே காணாமல் போய்விடுகிறது. யாரும் திருடியதாகத் தெரியாது. அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். பொதுப்புத்தி வேலை செய்யும் விதம் இதுதான்.

2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி வாரம் 70 மணிநேர உழைப்பை வலியுறுத்தியபோதும், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணிநேரம் என்று பேசியது வெளிவந்தபோதும் ஆங்கிலப் பத்திரிகைகளும் சமூக ஊடகமும் கொந்தளித்தன. கொந்தளித்ததில் தப்பில்லை. ஆனால் அந்த 70 மணிநேரத்தைத் தாண்டி ஒரு தொழில் நகரம் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பது அந்த விவாதத்துக்குள் வரவேயில்லை. 'சமநிலை' என்ற கோரிக்கையைப் பேசுவதற்கே ஒரு தகுதி, ஒரு நாற்காலி, தேவைப்படுகிறது போலும்.

முதலாளிகள் தரப்பில் இதற்கு ஒரு பதில் உண்டு, அதைக் கேலியாக ஒதுக்கிவிட முடியாது. 'நானும் ஒன்றரை ஷிப்ட் பார்த்து வந்தவன்தானுங்க' என்பார்கள். பொய்யில்லை. திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி 2004ல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த 'உழைப்பு' என்ற சொல்லையே மையமாக எடுத்துக்கொள்கிறது. சுற்றுவட்டாரத்து வேளாளக் கவுண்டர் குடும்பங்களிலிருந்து வந்து தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியானவர்கள், தங்கள் மூலதனத்தின் ஊற்றாகக் காட்டுவது தங்கள் உழைப்பை. கேள்வி என்னவென்றால், அதே பன்னிரண்டு மணிநேரம் யாருக்கு மூலதனமானது, யாருக்கு முதுகுவலியானது? பக்கத்து டேபிளில் நின்ற மாதாரி வீட்டுப் பையனும் அதே நேரம்தான் நின்றான். அவனுக்கு ஊரில் விற்கவோ அடமானம் வைக்கவோ தோட்டம் இல்லை, கைமாற்றுக் கொடுக்க மாமன் மச்சான் இல்லை. பெண்களுக்கோ அந்த ஏணி அநேகமாகச் சாத்தப்படவே இல்லை. பிசிர் வெட்டுவதிலும் அடுக்குவதிலும் செக்கிங்கிலும் நுழைந்தவர்கள் இருபது வருஷம் கழித்தும் அங்கேயேதான் நிற்கிறார்கள். நேரம் எல்லோருக்கும் ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணிதான் என்று முன்னேற்ற நூல்கள் சொல்கின்றன. சாதியும் பாலினமும் அந்த இருபத்துநாலை வேறு வேறு விலைக்கு வாங்குகின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வாக்கியம் முழுமையாகும்.

4

இந்த இடத்தில் நம் ஆட்கள் வழக்கமாக ஒரு பக்கம் சாய்வார்கள். நானும் சாய்ந்திருக்கிறேன். கடிகாரம் முதலாளித்துவத்தின் கருவி, அதற்கு முன்னால் கிராமத்துக்கென்று ஒரு நிம்மதியான நேரம் இருந்தது என்பது அந்தச் சாய்வு. இ.பி. தாம்சன் 1967ல் எழுதிய நேரமும் வேலை ஒழுங்கும் பற்றிய கட்டுரையை அரைகுறையாகப் படித்துவிட்டு இப்படிப் பேசுவது சுலபம்.

குண்டடத்தின் நேரம் எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை சந்தையை வைத்து வாரம். ஆடிக்காற்றை வைத்து வருஷம். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் மண்டலம் மண்டலமாக முறைவைத்துத் தண்ணீர் விடும்போது, வாரபந்தியில் நம் முறை நடுராத்திரியில் வந்தால் நடுராத்திரியில் மடை திறக்க வேண்டும். பைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குக் கூட்டம். இதெல்லாம் நினைக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரபந்தி தோட்டம் உள்ளவனுக்குத்தான். பண்ணையத்தில் இருந்தவனுக்கு என்ன நேரம்? கோழி கூப்பிடுவதற்கு முன்னால் சாணி அள்ளப் போக வேண்டும். 'போ' என்று சொல்லும்வரை போக முடியாது. ராத்திரி மடை திறக்கப் போனதும் பெரும்பாலும் அவன்தான். அவனுடைய நாளுக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து முதன்முதலில் பனியன் கம்பெனிக்குப் போனவர் எனக்குத் தெரிந்த ஒருவர். இப்போது வயசாகிவிட்டது. அவரிடம் ஷிப்ட் கொடுமையைப் பற்றி நான் ஒருநாள் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாஞ் செரி தம்பி. ஆனா பெல் அடிச்சா என்னை யாரும் இருடான்னு சொல்ல முடியாதுல்ல."

பன்னிரண்டு மணிநேரத்துக்குப் பிறகாவது ஒரு பெல் அடித்தது என்பது அவருக்கு விடுதலை. கடிகாரம் அவரை அளந்தது. அளந்ததாலேயே அவருக்குச் சொந்தமாக ஒரு மிச்சமும் உண்டாயிற்று. சனிக்கிழமை கையில் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கியது, ஊர் டீக்கடையில் அவர் நின்ற விதம் மாறியது, இவையெல்லாம் அந்த மிச்சத்திலிருந்து வந்தவை. பழைய நேரத்துக்குத் திரும்பச் சொல்லும் எந்தச் 'சமநிலை'யும் அவரைப் பண்ணையத்துக்குத் திரும்பச் சொல்வதாகவே முடியும். ஆகவே நம் விவாதம் கடிகாரமா, கிராமமா என்பதில் இல்லை. பெல் எப்போது அடிக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

5

பெல்லை நகர்த்திய வரலாறு நமக்கு இருக்கிறது. 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலை நாள் பற்றிய அத்தியாயம் அந்த நகர்த்தலின் கதைதான். நம் பக்கத்தில், 1923 மே 1 அன்று சென்னையில் சிங்காரவேலர் தொழிலாளர் தினத்தைக் கொண்டாடினார். 1946ல் வாரத்துக்கு 54 மணிநேரமாக இருந்தது 48 ஆனது. அந்தத் திருத்த மசோதாவை அவையில் எடுத்துச் சென்றவர், அன்று தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்த அம்பேத்கர். திருப்பூரில் 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அது கூலிப் போராட்டம் என்றே பதிவாகியிருக்கிறது. ஆனால் ஒரு ஷிப்டின் கூலி கட்டுப்படியாகாதபோதுதான் இன்னொரு அரை ஷிப்டைத் தொழிலாளி தானே கேட்டு வாங்குகிறான். எனவே கூலிப் போராட்டம் நேரத்துக்கான போராட்டமாகவும் இருந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரி இறுதியில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதைத் தொடர்ந்து வேலை குறைந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. அப்போதெல்லாம் ஆட்களுக்கு நேரம் கிடைத்தது. கூலியில்லாமல் கிடைத்த அந்த நேரத்தை ஒருவரும் ஓய்வு என்று சொல்லவில்லை, 'சும்மா கெடக்கறோம்' என்றார்கள். நேரமும் கூலியும் தனித்தனிச் சாமான்கள் என்று நினைத்துச் சமநிலை பேசுகிறவர்கள் இந்தச் சொல்லை ஒருமுறை காதில் வாங்க வேண்டும்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. ஒரு நாளின் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணிவரை நீட்ட வழிசெய்த மசோதா. 'நெகிழ்வு' என்ற சொல்லும், நான்கு நாள் வேலை மூன்று நாள் விடுப்பு என்ற ஆசைகாட்டலும் அப்போது புழங்கின. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். நாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் எட்டு மணிநேரத்தைக் காப்பாற்றிய அந்த மேடைகளில் ஒரு கணக்கு வரவேயில்லை. எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கு என்று முழங்குகிறோமே, அந்த மூன்றாவது எட்டில் சோறாக்குவது யார்?

இதற்கு அரசாங்கமே கணக்கு வைத்திருக்கிறது. நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு முதலில் 1998-99ல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் சோதனையாக நடந்தது. பிறகு நாடு முழுக்க 2019லும் 2024லும் நடந்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறவர்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடும் சராசரி நேரம், 2019ல் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். 2024ல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமானது என்று சந்தோஷப்படலாம். ஆண்களும் ஒன்பது நிமிடத்தை மிச்சப்படுத்திக்கொண்டார்கள். இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடமாகியிருக்கிறது. ஐந்து வருஷத்தில் ஒரு நிமிடம்.

வீட்டுக்குள் இருக்கும் நேரத்தை எந்தச் சட்டத்தாலும் தொட முடியாது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க விரிந்தது. இதைக் குழந்தைகளின் சத்து, பள்ளி வருகை என்ற கோணத்திலேயே எல்லோரும் எழுதினார்கள். ஏழு மணி வேனைப் பிடிக்கிற ஒரு தாயின் கோணத்தில் பாருங்கள். காலையில் அடுப்படியில் ஒரு அரைமணி நேரம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கிறது. எந்தப் பயிற்சி முகாமும் எந்த நான்கு கட்டமும் தராத அரைமணி. அதை அவள் திட்டமிட்டுச் சம்பாதிக்கவில்லை. சமூகம் அவளுடைய தாளிலிருந்து ஒரு வேலையை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டது.

இதிலும் சங்கிலி அறுந்துவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த உணவைச் சமைக்க விடியலில் எழுந்துபோகிறவர்களும் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அவர்கள் வீட்டு அடுப்பை யார் மூட்டுகிறார்கள்? ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வீட்டுக்குள் அன்பு என்றும் கடமை என்றும் பெயர் சூட்டப்பட்டிருந்த வேலை, வெளியே வந்ததும் வேலை என்ற பெயரைப் பெற்றுவிட்டது. பெயர் வந்துவிட்டால் கூலி போதாது என்று சண்டை போடலாம். பெயரில்லாததற்குச் சண்டை போட முடியாது.

6

இதுவரை எழுதியதை நம் வாசகர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மிச்சத்தை ஒத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை.

முப்பது வருஷமாக வாசகர் வட்டம், சங்கம், சிறுபத்திரிகை என்று திரிந்தவன் நான். எங்கள் கூட்டம் மாலை ஆறு மணிக்கு என்று நோட்டீஸ் அடிப்போம். ஏழேகாலுக்குத் தொடங்கும். பத்துக்கு முடியும். பிறகு டீக்கடையில் பன்னிரண்டு வரை பேச்சு. இதில் எங்களுக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. கடிகாரத்துக்கு அடிமையாகாதவர்கள், முதலாளித்துவ நேர ஒழுங்கை மீறியவர்கள் என்ற கர்வம். லஃபார்க் சோம்பலுக்கான உரிமையைப் பற்றி எழுதியதை எடுத்துக்காட்டிப் பேசியிருக்கிறேன். 'பொம்பளைங்க ஏன் கூட்டத்துக்கு வர்றதில்லை?' என்று வருஷத்துக்கு ஒருமுறை கவலையோடு விவாதிப்போம். பிரக்ஞை போதவில்லை, குடும்ப அமைப்பு விடவில்லை என்று முடிவுக்கு வருவோம்.

ஒருமுறை செக்கிங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தார். அன்று ஒரு ஷிப்டோடு கிளம்பி, அரை ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு, ஆறு மணிக்குச் சரியாக வந்து உட்கார்ந்தார். நாங்கள் ஏழேகாலுக்குத் தொடங்கினோம். ஏழரைக்கு அவர் எழுந்து, "கடைசி பஸ்ஸு போயிருமுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. அன்று எங்கள் தலைப்பு, உழைக்கும் பெண்களின் பிரச்சினைகள்.

தாமதமாக வர முடிகிறவன் யார்? எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாலும் சோறு மூடிவைக்கப்பட்டிருக்கும் என்ற நிச்சயம் உள்ளவன். எங்கள் கலகமே ஒரு பெண்ணின் காத்திருப்பின் மேல் நின்றது. இந்த இதழைப் போன்ற பத்திரிகைகளுக்கு நான் எழுதிய ஒவ்வொரு கட்டுரையும் ராத்திரி பத்து மணிக்கு மேல் எழுதியது. அந்த அமைதி எங்கிருந்து வந்தது? குழந்தையைத் தூங்கவைத்து, பாத்திரம் கழுவி, காலைக்கு மாவு எடுத்துவைத்த இன்னொருத்தியின் நாளிலிருந்து வந்தது. அவளும் வேலைக்குப் போய்வந்தவள்தான். ஃபூக்கோவைப் பற்றி நான் எழுதிய நேரத்தில் அவள் படிக்க நினைத்த தபால்வழிப் படிப்பு கடைசிவரை இரண்டாம் கட்டத்திலேயே, முக்கியம் ஆனால் அவசரமில்லை என்ற கட்டத்திலேயே, கிடந்து காலாவதியானது. ஐரோப்பாவில் அந்தக் கடை தொடங்கிவைத்த சங்கிலியில் நான் வெளியே நின்று பார்க்கும் விமர்சகன் இல்லை. ஒரு கண்ணி.

ஆகவே 'நேர மேலாண்மை பூர்ஷ்வா சரக்கு' என்று நாம் தள்ளிவிடுவதும் ஒரு தப்பித்தலே என்று இப்போது தோன்றுகிறது. பயிற்சியாளர் நேரத்தைத் தனிநபரின் பழக்கமாகச் சுருக்கினார். நாம் அதை உற்பத்தி உறவு என்று விரித்துவிட்டு, நம் வீட்டுச் சுவரில் தொங்கும் கடிகாரத்தை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டோம். வாரபந்திக்கு வாய்க்கால் தண்ணீரைப் பிரித்துக்கொள்ளத் தெரிந்த ஊர் எங்களுடையது. யாருக்கு எந்த ராத்திரி என்று சீட்டு எழுதி, மீறினால் பஞ்சாயத்து வைத்து, சண்டை போட்டாவது பிரித்துக்கொள்கிறோம். தண்ணீர் குறைவு என்பதால்தான் முறை வேண்டியிருக்கிறது என்பது எல்லோருக்கும் புரிகிறது. நேரமும் அப்படித்தான் குறைவாக இருக்கிறது. அதற்கு மட்டும் ஏன் முறைவைக்க மாட்டோம் என்கிறோம்?

எங்கள் வட்டத்தில் இப்போது இரண்டு காரியங்கள் செய்கிறோம். கூட்டத்தை ஞாயிறு பதினொரு மணிக்கு மாற்றி, சொன்ன நேரத்தில் தொடங்கிச் சொன்ன நேரத்தில் முடிக்கிறோம். அன்றைய மதியச் சாப்பாட்டை ஆண்கள் முறைவைத்து அங்கேயே சமைக்கிறோம், குழந்தைகளுக்கும் சேர்த்து. முதல் மாதம் சோறு குழைந்துபோய்விட்டது. இதைப் புரட்சி என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஒன்பது பெண்கள் வருகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் விவாதம் மாறிவிட்டது. போன கூட்டத்தில் ஒன்றரை ஷிப்டின் கணக்கைப் பலகையில் போட்டு, மூன்று ஷிப்ட் கூலி எங்கே என்று கேட்டது அவர்களில் ஒருவர். நான் மேலே எழுதியிருக்கும் கணக்கு அவர் போட்டது.

நண்பர்கள் தங்கள் ஊர்களில் கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, அன்று வீட்டில் சமைப்பது யார் என்று எழுதினால் இந்த விவாதத்தை மேலே கொண்டுபோகலாம்.